600 பேர் போன கப்பலிலை 50 பேர்

கனநாளாய் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. ஆய்வுக்கட்டுரை, மழை, கோப்பை கழுவுற வேலை எண்டு மூண்டு சாட்டு கைவசம் இருக்கு. மூண்டாவது சாட்டிலை இருந்துதான் இண்டையான் கதை துவங்குது.

நான் படிக்கிற ஊர் ஓபன். (திறந்திருக்கு எண்டு நினைக்காதேங்கோ, பேரே அதுதான்.) ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலை இருக்கிற சின்னத் துறைமுகப் பட்டினம். 2024 கோடை விடுமுறைக்கு ஒரு சின்ன ஹோட்டல் குசினியிலை வேலை கிடைச்சது. அந்தக் குசினி யன்னலாலை பாத்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். மல், பாரா, கொலன்சே எண்டு தீவு தீவாய்ப் போற வாகனப் படகுகள் வாயைத் திறந்து காரையும் லொறியையும் விழுங்கிக்கொண்டு நிக்கும். அதுகளுக்கு நடுவிலை இடைக்கிடை ஒரு கடுநீலக் கப்பல் வந்து கட்டும். 'ஹெப்ரிடியன் பிரின்சஸ்' எண்டு பேர். ஆக்கள் ஏறேக்கை பைப் வாத்தியம் வாசிச்சு வரவேற்பு.

சொகுசுக் கப்பல் எண்டால் நாங்கள் நினைக்கிறது பத்துமாடிக் கட்டடம் மிதக்கிற மாதிரி ஒண்டை. இது 72 மீற்றர் நீளம்தான், கூடினால் 50 பயணிகள். ஸ்கொட்லாந்துத் தீவுகள், வட அயர்லாந்து, மான் தீவு எண்டு கரையோரமாய்ச் சுத்தும். சாப்பாடு, குடிவகை, கரையிலை சுத்திப் பாக்கிறது, ஓடித்திரியச் சைக்கிள் எல்லாம் கட்டின காசுக்குள்ளை அடக்கம். அந்தக் காசு ஒரு கிழமைக்கு ஆளுக்குப் பல ஆயிரம் பவுண்ஸ். நான் ஒரு நாள் முழுக்கக் கோப்பை கழுவின காசைக் கொண்டு போனால் ஒருநேரச் சாப்பாட்டுக்கு இருத்துவாங்கள், பழம் வர முதல் இறக்கி விட்டிடுவாங்கள் :-)

ஆனி மாதம் ஒரு பின்னேரம், வேலை முடிஞ்சு பின்வாசல் படியிலை இருந்தன். ஹோட்டலிலை தங்கியிருந்த ஒரு அம்மா பக்கத்திலை வந்து நிண்டா. எழுபது தாண்டியிருக்கும். நான் கப்பலைப் பாத்துக்கொண்டிருந்ததைக் கண்டிட்டு, "நாளைக்கு நான் உதிலைதான் போறன். பிள்ளையள் காசு சேத்து எடுத்துத் தந்தவை" எண்டா. நான் மரியாதைக்கு "நல்ல கப்பல்" எண்டன். மனுசி சிரிச்சா. "நல்ல கப்பலோ? உதிலை நான் எத்தினைதரம் சத்தி எடுத்திருப்பன் தெரியுமோ?"

அப்பதான் கதை வந்தது. இந்தக் கப்பல் 1964 இல் அபடீன் நகரத்து ஹோல் ரசல் பட்டறையிலை வாகனப் படகாய்க் கட்டப்பட்டது. அப்ப பேர் 'கொலம்பா'. 563 இல் அயர்லாந்திலை இருந்து கடல் கடந்து வந்து அயோனாத் தீவிலை மடம் அமைச்ச துறவியின்ரை பேர். 600 பயணிகளும் 50 காரும் கொள்ளும். காரை ஒரு தூக்கியிலை ஏத்தி உள்தட்டுக்கு இறக்குவினமாம். பனிப்போர்க் காலம் எண்டபடியால், அணுகுண்டு விழுந்தாலும் கதிர்வீச்சுத் தூசு உள்ளை வராமல் இறுக்கிப் பூட்டக்கூடிய மாதிரிக் கட்டியிருந்தவை. செம்மறி ஏத்தின கப்பலுக்கு அணுகுண்டுப் பாதுகாப்பு!

அந்த அம்மா மல் தீவுக்காரி. தீவுப் பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்கு ஓபனுக்கு வந்து விடுதியிலை தங்கவேணும். திங்கள் வாறதும் வெள்ளி போறதும் கொலம்பாவிலைதான். பாண், கடிதம், சவப்பெட்டி, செம்மறி, கலியாண வீட்டு ஆக்கள் எல்லாம் அந்த ஒரே கப்பலிலை. 1988 இல் ஓபனுக்குப் புதுப் படகு வந்தது. கொலம்பாவை வாங்கின ஆக்கள் அடுத்த வருசமே கார்த் தட்டுக்குள்ளை அறைகள் கட்டி, கம்பளம் விரிச்சு, சொகுசுக் கப்பலாக்கிப் போட்டினம். 2006 இல் எலிசபெத் மகாராணி தன்ரை 80 ஆவது பிறந்தநாளுக்கு முழுக்கப்பலையும் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடை சுத்தினவ. தங்கடை அரச கப்பல் 'பிரித்தானியா'வை 1997 இலேயே ஓய்விலை விட்டாச்சு, பாவம் :-)

நான் நெடுந்தீவுப் பொடியன் எண்டது உங்களுக்குத் தெரியும்தானே. குறிகட்டுவானிலை இருந்து குமுதினியிலை ஒரு மணித்தியாலம். நான் முதன்முதல் சத்தி எடுத்ததும் குமுதினியிலைதான். 1985 வைகாசி 15 இல் அந்தப் படகிலை நடந்ததைப் பற்றி இஞ்சை எழுதப் போறதில்லை, உங்களுக்கும் தெரியும். அம்மம்மா அதுக்குப் பிறகும் அதே படகிலைதான் போய்வந்தவ. வேறை என்ன வழி? மனுசி கொலம்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கடை படகைக் கம்பளம் விரிச்சு, வாசலிலை நாதஸ்வரம் வைச்சு நினைச்சுப் பாக்கச் சிரிப்பாயும் கிடந்தது, ஏதோ மாதிரியும் கிடந்தது.

ஒரு கிழமை கழிச்சுத் திரும்பி வந்தவ. அதே படியிலை கதை.

உள்ளை எப்பிடி எண்டு கேட்டன். பெரிய வீட்டு விறாந்தை மாதிரியாம், கணப்படுப்பு எல்லாம் இருக்காம். சூதாட்ட மேசை, நீச்சல் குளம் ஒண்டும் இல்லை. இராவிலை கனதரம் ஓடுறதே இல்லை, காத்தில்லாத குடாவொண்டிலை நங்கூரம் போட்டிட்டு நிக்கும். சனம் நித்திரை கொள்ள வேணுமெண்டு கப்பல் நிக்குது! எங்கடை ஊரிலை கப்பல் நிண்டால் நித்திரை வராது.

சின்னக் கப்பலின்ரை விசேசம் என்னெண்டால், பெரிசுகள் தூரத்திலை நிண்டு கையைக் காட்டுற இடங்களுக்கெல்லாம் இது கிட்டப் போய்ச் சிறுவள்ளத்திலை ஆக்களை இறக்கும். ஸ்டாஃபாத் தீவிலை அறுகோணமாய் வெட்டி அடுக்கின மாதிரி எரிமலைக் கல்தூண்கள், அதுக்கு நடுவிலை ஃபிங்கலின் குகை. 1829 இல் மெண்டல்சன் வந்து போனதாலை உலகப்புகழ் பெற்ற இடம். மனுசிக்கு அது பக்கத்து வீடு மாதிரி, ஒரு வரியிலை முடிச்சிட்டா. கன நேரம் கதைச்சது சென்ற் கில்டாவைப் பற்றி.

வெளித் தீவுகளுக்கும் மேற்கை ஏறக்குறைய 65 கிலோமீற்றர், அத்திலாந்திக்குக்குள்ளை. கடல் கொஞ்சம் குழம்பினாலும் இறங்கேலாது. அதுக்காகவே கனபேர் இந்தப் பயணத்துக்குக் காசு கட்டுகினம். இவையின்ரை அதிட்டம், அண்டைக்குக் கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்ததாம். ஒரே ஒரு தெரு, கூரையில்லாத கல்வீடுகள். சில வீட்டுக்குள்ளை கடைசியாய் இருந்தவையின்ரை பேர் எழுதின கல். 1930 ஆவணி 29 இல் மிஞ்சியிருந்த 36 பேரும் கப்பலேறிப் போட்டினம். வேதப்புத்தகத்தை விரிச்சு வைச்சு, பக்கத்திலை ஒரு பிடி ஓட்ஸ் வைச்சிட்டுப் போனவையாம். அரசாங்கம் பிடிச்சுத் தள்ளேல்லை. தாங்களே கடிதம் எழுதிக் கையொப்பம் வைச்சுக் கேட்டவை. இளஞ்சனம் போயிட்டுது, அவசர நோய்க்கு ஆஸ்பத்திரி இல்லை, மாரியிலை மாதக்கணக்காய்க் கப்பல் இல்லை.

"கூட வந்தவை எல்லாம் 'என்ன அமைதி, என்ன அமைதி' எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவை. நான் வாசலுகளை எண்ணிக்கொண்டு போனன்" எண்டா. ஆக்கள் போனாலும் சொவே எண்ட காட்டுச் செம்மறிகள் அங்கை அவை பாட்டுக்குத் திரியுதாம். எல்லாருடைய கமராவும் அதுகளைப் பாத்துத்தானாம். எங்கடை தீவுக்கு வாற உல்லாசப் பயணியளும் முதலிலை கேக்கிறது "குதிரை எங்கை?" எண்டுதானே.

கப்பலிலை போற சனத்தைப் பழிக்கிற எண்ணம் எனக்கில்லை. மனுசி முழுக்க அனுபவிச்சவ, ஷம்பேன் உள்பட. ஆனால் ஒண்டு. இந்தக் கரையிலை இப்பவும் சனத்துக்குப் படகுப் பிரச்சினை இருக்கு. அரன் தீவுக்கெண்டு 2015 இல் ஓடர் குடுத்த 'கிளென் சனொக்ஸ்' 2025 தையிலைதான் ஓடத் துவங்கினது. அதே கடலிலை 60 வயசுக் கிழட்டுக் கொலம்பா பளபளவெண்டு ஓடித்திரிஞ்சது. பராமரிச்சால் படகு ஓடும் எண்டதுக்கு வேறை சாட்சி வேணுமோ?

இனி என்ரை கதை. மாமா அந்த ஆனி முழுக்க எனக்கு வட்சப்பிலை அடிச்சுக்கொண்டிருந்தவர். அம்மாவைத் தீவிலை தனிய விடேலாது, நெஞ்சுவருத்தம், மாரியிலை கடல் குழம்பினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேலாது, யாழ்ப்பாணத்திலை தன்ரை வீட்டுக்குக் கூட்டிவாறன், நீதான் கதைச்சு ஓமெண்ட வைக்கவேணும் எண்டு. மாமா சொல்லுறதிலை ஒரு பிழையும் இல்லை. நானும் ஓமெண்டு சொல்லியிருந்தனான். எங்கடை ஒழுங்கையிலை அம்மாவின்ரை வீட்டோடை மூண்டு வீட்டிலைதான் விளக்கெரியுது.

அடுத்த நாள் வேலையில்லை. நாலு பவுண்ஸ் அளவிலை ரிக்கற் எடுத்து, மல் தீவுப் படகிலை கிரேக்னியூர் மட்டும் போனன். பக்கத்திலை ஒரு கிழவர் நாயோடை, முன்னுக்கு ஒரு பொம்பிளை மடியிலை சலவை இயந்திரத்தின்ரை ஏதோ உதிரிப்பாகத்தோடை. பாதி வழியிலை அந்தக் கடுநீலக் கப்பல் புது ஆக்களோடை எங்களைத் தாண்டிப் போச்சுது. மேல்தட்டிலை நிண்ட ஆக்கள் கை காட்டிச்சினம். எங்கடை படகிலை பெரிசாய் ஒருத்தரும் நிமிந்து பாக்கேல்லை. நான் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினன்.

கொஞ்ச நேரத்தாலை கோல் வந்தது. முழுக்கதையும் சொன்னன், பழைய படகு, மகாராணி, அறைகள், அந்த அம்மா எல்லாம். சென்ற் கில்டாவை மட்டும் விட்டிட்டன். அம்மா பொறுமையாய்க் கேட்டிட்டு, "உப்பிடிக் கம்பளம் விரிச்சால் பிறகு ஆடு ஏத்துறது எப்பிடி?" எண்டா.

மாமாவின்ரை கதையை அண்டைக்கு எடுக்கேல்லை. அதுக்குப் பிறகும் எடுக்கேல்லை. மாமா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.