நடு எஞ்சின் காரும் அதன் டயர்களும்

இருக்கைகளுக்குப் பின்னால், பின்னச்சுக்குச் சற்று முன்னால் எஞ்சின் பொருத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் எடையின் பெரும்பகுதியைப் பின் சக்கரங்களே தாங்குவதால், முன் டயரும் பின் டயரும் பெரும்பாலும் ஒரே அளவில் அமைவதில்லை. 1990இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் ஏறத்தாழ 58 விழுக்காட்டு எடை பின்னச்சின் மீது நின்றமையால், முன்னால் 205/50 அளவில் 15 அங்குல டயரும் பின்னால் 225/50 அளவில் 16 அங்குல டயரும் தரப்பட்டன. இவற்றுள் 225 என்பது டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், 50 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும், 16 என்பது சக்கர வளையத்தின் விட்டத்தையும் குறிக்கும்.

வளைவில் விரையும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டுவிட்டால், சுமை முன்பக்கம் நகர்ந்து, பின் டயர்களின் பிடிப்புத் தளர்ந்து, காரின் பின்புறம் வெளிப்பக்கமாகச் சறுக்கக்கூடும். ‘ஓவர்ஸ்டியர்’ எனப்படும் இந்நிலை, தேய்ந்த பின் டயர்களோடு ஈரச் சாலையில் செல்லும் காருக்கு இன்னும் எளிதில் நேரும். ஆகவே முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டயரைத் தேர்வதே தக்கது. பின்னால் மட்டும் மலிவானதைப் பொருத்துவது சிக்கனமாகாது. மென்மையான ரப்பர்க் கலவை சாலையை நன்கு பற்றினாலும் விரைவில் தேய்வதோடு, கடுங்குளிரில் இறுகிப் பிடிப்பையும் இழக்கும். அளவுகள் வேறுபடுவதால், டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யும் வழக்கமும் இத்தகைய கார்களுக்குப் பொருந்தாது.