வேகத்தை அளந்தவர் கார்பனை அளக்க வந்த கதை



மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்று, “ஏன்டா இது நகரவே மாட்டேங்குது?” என்று கேட்காதவர் நம்மில் யார்? சோறு, சாம்பார் எல்லாம் சட்டென்று கிடைத்துவிடும். முட்டை கொடுக்கும் இடத்தில்தான் கூட்டம் தேங்கும். அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்தினால் வரிசை முழுவதும் ஓடும். சோறு போடுபவரை அவசரப்படுத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை!

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். வேலை எங்கே தேங்குகிறது என்று அளந்து கண்டுபிடிக்கவே தனியாகப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரிய ஆள் ஏட்ரியன் காக்கிராஃப்ட். லண்டனில் இயற்பியல் படித்தவர்.

1990களில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனிக் கணினிகளை வேகமாக ஓட வைப்பது எப்படி என்று புத்தகமே எழுதினார். கம்ப்யூட்டரைத் தானே கவனித்து, எங்கே கோளாறு என்று எச்சரிக்கும் ஒரு புரோகிராமும் உண்டு. அதன் பெயர் ‘விர்ச்சுவல் ஏட்ரியன்’! அவர் வராமலே அவர் வேலையை அது செய்யுமாம்.

2007-இல் நெட்ஃபிளிக்ஸில் சேர்ந்தார். அப்போது அது தபாலில் டிவிடி அனுப்பும் கம்பெனி. 2008-இல் அதன் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியவில்லை. அதன் பிறகு, சொந்தக் கணினிகளை விட்டு, வாடகைக்குக் கிடைக்கும் ‘கிளவுட்’ கணினிகளுக்கு மாறும் வேலை தொடங்கியது. அதற்குத் திட்டம் வகுத்தவர்களில் காக்கிராஃப்ட் முக்கியமானவர். 2016-இல் அமேசானில் துணைத் தலைவராகச் சேர்ந்தார்.

2021-இல்தான் திருப்பம். அதே அமேசானில், சுற்றுச்சூழலுக்கு உகந்த கணினி அமைப்புகளை உருவாக்கும் பொறுப்புக்கு மாறினார். 2022-இல் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை.

வேகத்துக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் தேவையில்லாமல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கரண்ட் செலவாகிறது. சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும் கரண்ட் குடிக்கும். அந்த கரண்ட் நிலக்கரியில் வந்தால் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். 2024-இல் உலகம் முழுவதும் உள்ள டேட்டா சென்டர்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் செலவழித்தன. உலக மின்சாரத்தில் இது ஏறக்குறைய 1.5 சதவீதம்.

மென்பொருளின் கார்பனைக் கணக்கிட 2024-இல் உலகத் தர விதி ஒன்றே வந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால்:

★ எவ்வளவு கரண்ட் செலவானது?
★ அந்த கரண்ட்டை உண்டாக்க எவ்வளவு கார்பன் வெளியானது?
★ அந்தக் கம்ப்யூட்டரைத் தயாரித்தபோது வெளியான கார்பனில் இந்த வேலையின் பங்கு எவ்வளவு?

முதல் இரண்டையும் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டி, செய்த வேலையின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம்ம எட்டாம் வகுப்புக் கணக்குதான்!

ஆனால் ஒரு சிக்கல். கிளவுட் கம்பெனிகளின் கார்பன் கணக்கு வாடிக்கையாளர் கைக்கு உடனுக்குடன் வருவதில்லை. காலாண்டுப் பரீட்சை மார்க் முழுப் பரீட்சைக்கு அப்புறம் வந்தால் என்ன லாபம்? வேகத்தை உடனுக்குடன் பார்ப்பது போலக் கார்பனையும் உடனுக்குடன் பார்க்க வேண்டும் என்கிறார் காக்கிராஃப்ட். கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அமைப்பில் அதற்காகவே உழைத்திருக்கிறார்.

இப்போது நம்ம கம்ப்யூட்டர் லேபுக்கு வருவோம். பீரியட் முடிந்ததும் நாம் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு ஓடுகிறோம். பெட்டிக்குள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதைப் படித்தவர்கள் நாளை முதல் ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் போங்களேன்! கூடவே ஒரு வாரம் லேப் மீட்டரையும் குறித்து வைப்போம். போன வாரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அடுத்த இதழில் இங்கேயே எழுதலாம்.

அளந்து பார்த்தால்தானே தெரியும்!

— பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு