தீவனத் தொட்டியில் கரைந்த கடைசி மருந்து

2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கொலிஸ்டின் என்ற மருந்துக்குத் தடை போட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீனுக்கோ அவற்றின் தீவனத்துக்கோ அதைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மத்திய உத்தரவு என்பதால் ஓசூரிலும், எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் விதி ஒன்றுதான்.

கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று டாக்டர்கள் ஒருகாலத்தில் ஓரங்கட்டினார்கள். பன்றி, கோழிப் பண்ணைகள் விடவில்லை. விலை மலிவு, கழிச்சல் நிற்கும், எடையும் ஏறும். பிறகு மற்ற ஆன்டிபயாடிக்குகள் வரிசையாகத் தோற்றுப்போக, ஐ.சி.யூ.வில் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்தாக இதையே திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அதற்குள் தீவனத் தொட்டியில் காரியம் கெட்டுவிட்டிருந்தது.

ஷாங்காயில் ஒரு பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியா கொலிஸ்டினுக்கு மசியவில்லை. காரணத்தைச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் வெளியிட்டார்கள்: எம்.சி.ஆர்-1 என்ற மரபணு. கொலிஸ்டின் எதிர்ப்பு அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அது குரோமோசோமில் இருந்தது, வாரிசுகளுக்கு மட்டும் போகும் சொத்துபோல. இதுவோ பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. பக்கத்து பாக்டீரியாவுக்கு, வேறு இனத்துக்கும்கூட, நகலாகத் தாவும். பன்றிக் குடலில் சாதுவாக இருந்த கிருமி மனிதக் குடலுக்கு வந்து, மரபணுவைக் கைமாற்றிவிட்டுச் செத்தாலே போதும். அறுப்புக்கு வந்த பன்றிகளில் 804க்கு 166, கடையில் வாங்கிய பன்றி, கோழிக்கறியில் 523க்கு 78, நோயாளிகளில் 1,322க்கு 16 மாதிரிகளில் அது இருந்தது.

சீனா 2017இல் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. பன்றிகளில் கொலிஸ்டினுக்கு மசியாத ஈ.கோலை 2015-16இல் 34 சதவீதம், 2017-18இல் 5.1. இவ்வளவு சீக்கிரம் இறங்கியது எனக்கு வியப்புதான். எதிர்ப்பைச் சுமப்பது பாக்டீரியாவுக்கும் பாரம். மருந்து இல்லாத இடத்தில் சுமக்காதவை முந்திக்கொள்கின்றன.

சென்னையில் சேகரித்த உணவு மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் கொலிஸ்டின் எதிர்ப்புக் கிருமிகள் இருந்ததாக 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. இறைச்சியில் மட்டுமல்ல, காய்கறி, பழங்களிலும் இருந்தன. எருவிலும் கழிவுநீரிலும் அவை பயணிக்கும். பெங்களூருவின் சாக்கடையைச் சுமந்துவரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கும்போது, பன்றியை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

சமைத்த கறிக்குப் பயப்பட வேண்டாம். நன்றாக வெந்த வறுவலில் ஈ.கோலையோ சால்மோனெல்லாவோ பிழைக்காது. பச்சைக் கறி நறுக்கிய பலகையிலேயே, கழுவாத கத்தியால் வெங்காயம் அரிவதுதான் வில்லங்கம்.

தமிழ்நாட்டின் வெண்பன்றிப் பண்ணைகள் பலவற்றுக்கு ஓட்டல், விடுதி, கேன்டீன் மிச்சமே தீனி. தொழிற்பேட்டை ஊரான ஓசூரில் அதற்குப் பஞ்சமில்லை. கொதிக்கவைக்காமல் போட்டால் மிச்சத்தோடு கிருமியும் உள்ளே போகும். கழிச்சல் கண்டால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கடையில் மருந்து வாங்கி ஊசி போடுவதும், இரண்டு நாளில் நிறுத்திவிடுவதும் அடுத்த தவறு.

ஆனால் நம் சிறு பண்ணைக்கு ஒரு சாதகம் உண்டு. பெரும் தொழிற்பண்ணைகளில் மூன்று, நான்கு வாரத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். பழகாத குடலில் கழிச்சல் வரும், மருந்தும் கூடவே வரும். நம்மிடம் குட்டி பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் பால் குடிக்கிறது. பெங்களூரு சந்தையை நம்பி ஆண்டுக்கு ஓர் ஈற்றைக் கூட்ட நினைப்பவர் முதலில் கைவைக்கப்போவது அந்த வாரங்களில்தான்.