நல்ல தண்ணீர்

அடம்பன் பகுதியில் எவரேனும் புதுக்கிணறு வெட்டினால், அயலவர் முதலிற் கேட்கும் வினா, "தண்ணீர் நல்லதோ, உவரோ?" என்பதேயாம். கடலை அண்மிய மன்னார்ப் பகுதியில் இவ்வழக்கு ஏற்பட்டது இயல்பே. எனினும், 'நல்ல தண்ணீர்' என நம்மவர் கூறுவது உப்பில்லாத தண்ணீரை மாத்திரமே. நா உப்பைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. தயிர் உறையவிடுவோர், இடியப்பம் அவித்து விற்போர், மீனுக்குப் பனிக்கட்டி செய்வோர் ஆகியோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. வீட்டுக் கிணறு கெடின் ஒரு வீடு நோயுறும். உணவு விற்பவரின் கிணறு கெடின், அக்கிணற்றைக் கண்ணாலும் கண்டிராதோர் நோயுறுவர்.

சுவையை நம்பிக் கெட்ட கதையொன்று இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. புரோட் வீதியிலிருந்த கிணற்றை அடுத்து வாந்திபேதி எழுந்து, பத்து நாளில் 500 பேருக்கு மேல் மாண்டனர். வைத்தியர் ஜோன் சினோ இறந்தோர் வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பல மைல் தொலைவிலே வாழ்ந்த விதவை ஒருவரும் மாண்டிருந்தார். முன்பு அவ்வீதியிற் குடியிருந்த அவர், அக்கிணற்று நீரின் சுவையை விரும்பி, அதனை நாடோறும் வண்டியில் வருவித்துப் பருகியவர்! அதே வீதியில் மதுவடிசாலை ஒன்றிலே வேலைசெய்த எழுபதுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் வாந்திபேதியால் இறக்கவில்லை. அவர்கள் பருகியது காய்ச்சி வடித்த பியர். வீதிக் கிணற்று நீரன்று. கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைந்த தூரத்தில், செங்கல் உளுத்த மலக்குழியொன்று பின்னர் தோண்டிக் காணப்பட்டது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நீரிலுள்ள கிருமிகள் ஆவியில் மடிகின்றன. அவ்வரிசி பின்னரும் உலையேறும். ஆகவே அங்கே அச்சம் சிறிது. அடுப்பிலிருந்து இறக்கியபின் உணவைத் தொடும் நீரே ஆபத்தானது. பாலை நன்றாகக் காய்ச்சி, பச்சைத் தண்ணீரிற் கழுவிய சட்டியிலே உறையவிட்டால் காய்ச்சிய பயன் என்ன? சம்பல் அரைத்த அம்மியைக் கழுவும் நீரும் இத்தகையதே. பனிக்கட்டியைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு: குளிரிலே கிருமிகள் எல்லாம் சாவதில்லை, பல உறங்கிக் கிடந்து, கட்டி உருகியதும் விழித்தெழும்.

காய்ச்சுதலும் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் இடும் யூரியா, நைத்திரேற்றாக மாறி நிலத்தடிக்கு இறங்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். இதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி நைத்திரேற்றுச் செறியும். கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இது குன்றச் செய்யும். எண்ணெய்க் கழிவும் இவ்வாறே. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே, மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. பணம் கொடுத்தல் எளிது. நிலத்தடி நீரைத் தூய்மையாக்கல் எளிதோ?

ஆதலின் கிணற்றைக் கெடாது காத்தலே முதன்மையானது. மலக்குழி, மாட்டுக் கொட்டில் ஆகியன குறைந்தது 50 அடி விலகியிருத்தல் வேண்டும். உட்சுவர் இருபதடி ஆழம்வரை நீர் கசியாததாகவும், மேலே இரண்டரை அடி உயரக் கட்டும், சுற்றிலும் மூன்றடிச் சீமெந்துத் தளமும், அந்நீர் அப்பாற் செல்ல வாய்க்காலும் அமைதல் வேண்டும். பலர் கட்டை உயர்த்திவிட்டுத் தளத்தை மறந்துவிடுவர்; கால் கழுவிய நீர் அவ்வெடிப்பினூடே கிணற்றுக்கே திரும்பும்.

வெளிற்றும் தூள் இடுவோர் பெரும்பாலும் கைக்கணக்கிலே இடுகின்றனர். பத்தடி விட்டமும் ஆறடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 13,300 இலீற்றர் உண்டு. 1,000 இலீற்றருக்கு 2.5 கிராம் வீதம், நல்ல தூள் 33 கிராம் வேண்டும். அதனை வாளி நீரிற் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றிலிட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுதல் வேண்டும். பின்னர் இலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீன் எஞ்சியிருத்தல் நலம். இராக்காலமே இதற்கு ஏற்றது. குளோரீன் மிகுந்தால் உறை கெட்டுத் தயிர் பிடியாது எனத் தயிர்காரர் அஞ்சுவதில் உண்மை இல்லாமலில்லை. அவர்கள் சட்டியைக் கொதிநீரிற் கழுவிக்கொள்ளலாம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இவ்வளவு போதாது. இறைத்துத் தூர்வாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சொற்படி செய்தல் வேண்டும்.

சோதனைக்கு நீர் எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. சோடாப் போத்தலிலே மொண்டுசென்ற நீரின் முடிவு, போத்தலைப் பற்றியதாகவே அமையும். ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, குளிரில் வைத்து, 24 மணி நேரத்துள் சேர்ப்பித்தல் வேண்டும். 100 மில்லிலீற்றரில் மலக்கிருமி ஒன்றேனும் இருத்தல் ஆகாது. மாரிமழையின் பின் ஒருமுறையும், கிணறு வற்றும் கோடையில் ஒருமுறையும் சோதிப்பித்தல் நன்று; மாரியிற் கிருமியும், கோடையிற் கரைந்த உப்புகளும் மிகுதியாய் வெளிப்படும்.