‘சிஸ்டம் டவுன்!’: கணினி என்றால் மருத்துவமனைப் பணியாளர்கள் தயங்குவது ஏன்?

நீங்கள் உம்பாயில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பக்கத்துக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறீர்கள். ஒருநாள் ராத்திரி திடீரென்று நெஞ்சு வலி. ஜாசினுக்கோ மலாக்கா மருத்துவமனைக்கோ கொண்டு போகிறார்கள். “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்கிறார். “வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு...” என்கிறீர்கள்.

உங்கள் விவரம் கிளினிக்கில் தாளில் இருந்தால், அந்த ராத்திரியில் அது யாருக்கும் உதவாது. இந்தக் குறையைத் தீர்க்கவே மின்னியல் மருத்துவப் பதிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே, இது நம் வீட்டு விஷயமும்கூட.

இது புதிய திட்டமா?

இல்லை. தொலைமருத்துவச் சட்டம் 1997-இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1999-இல் செயல்படத் தொடங்கிய செலாயாங் மருத்துவமனை, தாளில்லா மருத்துவமனையாகவே திட்டமிடப்பட்டது. 2020-இல் கோவிட் காலத்தில் மைசெஜாத்தெரா வந்தது. 2023 ஜூனில் மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்னியல் பதிவை வலியுறுத்தியது. இருந்தாலும் கர்ப்பிணிகள் இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போவது நாம் பார்த்துப் பழகிய காட்சிதான்.

அப்படியானால் பணியாளர்கள் எதிர்க்கிறார்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. புதிய தொழில்நுட்பத்தை ஒருவர் ஏற்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் விளக்கினார். ‘இது என் வேலைக்கு உதவுமா?’, ‘இதைப் பயன்படுத்துவது சுலபமா?’ என்பவையே அவை. முதல் கேள்விக்குப் பலரும் ‘ஆமாம்’ என்பார்கள். கிறுக்கலான கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவு உடனே திரையில் வந்துவிடும்.

சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான். கணினியிலும் பதிய வேண்டும், பாரத்திலும் எழுத வேண்டும் என்றால் தாதிக்கு அது இரட்டை வேலை. இணையம் மெதுவாக இருந்தால் வரிசை நீளும். “சிஸ்டம் டவுன், கொஞ்சம் காத்திருங்க” என்று சொல்லி ஏச்சு வாங்குவது முகப்பில் இருக்கும் மிஸ்ஸிதான். மென்பொருளை வாங்கியவர் அல்ல.

இன்னொரு பயமும் உண்டு. யார், எத்தனை மணிக்கு, என்ன பதிந்தார் என்பது கணினியில் நின்றுவிடும். தவறு நடந்தால் பழி யார் தலையில் விழும் என்ற கவலை இயல்பானதே. திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தால் நோயாளியின் முகத்தை எப்போது பார்ப்பது என்று கேட்கும் டாக்டர்களும் உண்டு.

எது மனதை மாற்றும்?

கணினி வந்ததும் பழைய பாரத்தை நிறுத்த வேண்டும். பயிற்சியை ஓய்வு நாளில் அல்லாமல் வேலை நேரத்தில் கொடுக்க வேண்டும். சிஸ்டம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு மாற்று ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வார்டில் வேலை செய்பவரைக் கேட்டுவிட்டு மென்பொருளை வடிவமைக்க வேண்டும்.

என் விவரங்களுக்குப் பாதுகாப்பு?

நியாயமான கேள்வி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 தனியார் மருத்துவமனைகளுக்குப் பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் நோயாளியின் ரகசியம் காப்பது எங்கிருந்தாலும் மருத்துவரின் கடமை.

நீங்கள் என்ன செய்யலாம்?

- மருந்துகளின் பெயரையும் அளவையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.
- எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.
- கிளினிக் புத்தகத்தை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.
- அடுத்த முறை “சிஸ்டம் டவுன்” என்று கேட்டால், மிஸ்ஸியிடம் கோபப்படாதீர்கள். உங்களைப் போலவே அவரும் அந்தத் திரைக்காகத்தான் காத்திருக்கிறார்.