விட்டதைப் பிடிக்கப் போகாதவர்

மீண்டவர்கள் – 9

சென்ற வாரம் 2001 ஈடன் கார்டன்ஸ் டெஸ்டைப் பார்த்தோம். ஃபாலோ ஆன் வாங்கிய அணியை லட்சுமணும் டிராவிடும் ஒரு முழு நாள் விக்கெட் விழாமல் தூக்கி நிறுத்தினார்கள். கிரிக்கெட்டில் அந்த வசதி உண்டு. ஒருவர் தடுமாறினால் எதிர்முனையில் இன்னொருவர் நிற்பார். சதுரங்கத்தில் எதிர்முனை என்று ஒன்று கிடையாது. தோற்றவரே மறுநாளும் போய் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அதனால்தான் இந்த வாரம் விஸ்வநாதன் ஆனந்தை எடுத்துக்கொண்டேன். குறிப்பாக, 2013 நவம்பருக்கும் 2014 மார்ச்சுக்கும் இடைப்பட்ட நாட்களை.

2013 நவம்பர் 9. சென்னை அண்ணா சாலை, ஹயாத் ரீஜென்சி ஓட்டல். ஆறு ஆண்டுகளாக உலகப் பட்டத்தை வைத்திருந்த ஆனந்த், பிள்ளையாய்ச் சதுரங்கம் கற்ற ஊரிலேயே அதைக் காக்க உட்கார்ந்தார். எதிரே 22 வயது மேக்னஸ் கார்ல்சன். மொத்தம் 12 ஆட்டங்கள். முதல் நான்கும் டிரா.

ஐந்தாவதில் விழுந்தது முதல் அடி. கார்ல்சனின் பாணி நமக்குத் தெரிந்ததுதான். பெரிதாக எதுவும் இல்லாத நிலையை மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருப்பார். எதிராளி களைத்துப்போய்ப் பிழை செய்யும்வரை விடமாட்டார். அன்று அப்படித்தான் நடந்தது. மறுநாளே ஆறாவது ஆட்டம், இடையில் ஓய்வு நாள் கிடையாது. வெள்ளைக் காய்கள் ஆனந்திடம். யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலை, டிராவில் முடிந்திருக்க வேண்டியது. கார்ல்சன் சில சிப்பாய்களைப் பலி கொடுத்துவிட்டு ஒரே ஒரு சிப்பாயைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். 60-வது நகர்த்தலில் ஆனந்த் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்தடுத்து இரண்டு தோல்வி.

முதல் தோல்விதான் இரண்டாவதைப் பெற்றது என்று நினைக்கிறேன். இந்த மனிதர் அதைவிடக் கடினமான நிலைகளையெல்லாம் எத்தனையோ முறை காப்பாற்றியவர். நேற்றைய ஆட்டம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்றைய பலகையைப் பார்ப்பது எத்தனை பெரிய வீரருக்கும் பாடுதான்.

ஒன்பதாவது ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கார்ல்சன் 5-3 என்று முன்னிலையில் இருந்தார். மிச்சமிருந்த நான்கில் ஆனந்துக்கு இரண்டு வெற்றியாவது தேவை. அந்தப் போட்டியில் முதன்முறையாக ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். ராஜா பக்கத்துச் சிப்பாய்களை வரிசையாக ஏவினார். பின்னாலேயே ராணியும் யானையும் கிளம்பின. கறுப்பு ராஜாவுக்கு மாட் விழுந்துவிடும் போலத்தான் இருந்தது. கார்ல்சனோ பலகையின் மறுபக்கத்தில் தன் சிப்பாயைக் கடைசி வரிசைக்கு ஓட்டி, ராணியாக்கி, செக் வைத்தார். குறுக்கே மந்திரியை வைத்திருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார். கார்ல்சன் புது ராணியை மூன்று கட்டம் நகர்த்தினார், அவ்வளவுதான். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார்.

இதற்காக ஆனந்தைக் குறை சொல்ல முடியாது. அன்றைய கணக்கு அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆனால் நம்மில் பலர், கணக்கு அப்படி நெருக்காதபோதே அந்த ஆட்டத்தை ஆடுகிறோம். ஒரு கடையில் நஷ்டம் வந்தால் அதை ஈடுகட்ட வட்டிக்கு வாங்கி இன்னொரு பெரிய கடை திறக்கிறோம். மூன்று மேட்ச் தோற்ற அணியில் பாதிப் பேரை மாற்றிவிடுகிறார்கள். வரிசையாகத் தோற்பவனுக்கு ஒரே அடியில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்ற வெறி வரும். தோல்வியைவிட அந்த வெறிதான் அதிக நாசம் செய்கிறது.

பத்தாவது ஆட்டம் டிராவானதும் பட்டம் போனது. கணக்கு 6.5-3.5. பத்து ஆட்டத்தில் ஆனந்துக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

பட்டத்தை இழந்தவருக்கு, அடுத்து கார்ல்சனை எதிர்க்கப் போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில் அப்போது நேரடி இடம் இருந்தது. ஆனந்துக்கு ஆடும் எண்ணமே இல்லை. டிசம்பரில் லண்டன் சென்றிருந்தபோது ஓர் இரவு உணவு மேசையில் விளாதிமிர் கிராம்னிக்தான் விடாமல் வற்புறுத்தி அவர் மனத்தை மாற்றினார். 2008-ல் பான் நகரில் ஆனந்திடம் உலகப் பட்டப் போட்டியில் தோற்ற அதே கிராம்னிக். இந்தக் கேண்டிடேட்ஸில் தானும் ஆடப்போகிறவர். சும்மா இருந்திருந்தால் அவருக்கு ஒரு போட்டியாளர் குறைந்திருப்பார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் நம்பிக்கை தரும்படி எதுவும் நடந்துவிடவில்லை. 2014 தொடக்கத்தில் சூரிக் போட்டியில் லெவோன் அரோனியனிடம் தோற்றார். மார்ச்சில் மேற்கு சைபீரியாவின் எண்ணெய் நகரமான காந்தி-மான்சிஸ்க் போய் இறங்கியபோது, ஆடிய எட்டுப் பேரில் அவர்தான் மூத்தவர், 44 வயது. ஜெயிப்பார்கள் என்று பேசப்பட்டவர்கள் அரோனியனும் கிராம்னிக்கும். முதல் சுற்றிலேயே ஆனந்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் அரோனியன்.

அந்த ஆட்டத்தில் வாணவேடிக்கை எதுவும் இல்லை. ரூய் லோபஸ் தொடக்கம். அதில் அரோனியனுக்குப் பிடித்த ஆயுதம் மார்ஷல் தாக்குதல். அதற்கு இடமே தராத அடக்கமான வழியில் ஆனந்த் போனார். சின்னதாக ஒரு சாதகம் கிடைத்தது. அதை அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து ஜெயித்தார். சென்னை ஒன்பதாவது ஆட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வெள்ளை அவரே. அங்கே எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் வைத்தார். இங்கே நல்ல நகர்த்தல்களை ஒவ்வொன்றாகத் தேடினார்.

மூன்றாவது சுற்றில் மாமெத்யாரோவ், ஒன்பதாவதில் தோபலோவ். 14 சுற்றில் வெற்றி இந்த மூன்றுதான். மற்ற 11-ம் டிரா. தோல்வி ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டாவது சுற்றில் அந்திரேய்கினுக்கு எதிராக வெல்லும் நிலை கைக்கு வந்திருந்தது. ஆனாலும் டிராவுக்குச் சம்மதித்துவிட்டார். பார்த்தவர்கள் பலருக்கு ஏமாற்றம்; மனுஷனுக்குத் துணிச்சல் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. மற்றவர்களைவிட முன்னிலையில் இருந்தார். களைப்பு இருந்தது. ஆட்டத்தை இன்னும் கூர்மையாக்கினால் பிழை செய்யவும் இடம் உண்டு. நான்கு மாதம் முன்பு தோற்றதற்கு யாரிடமும் எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அரைப் புள்ளி போதும். அடுத்த சுற்றில் கர்யாகினோடு நெடுநேரம் தற்காத்து இன்னொரு டிரா செய்ததும், கடைசிச் சுற்றுக்கு முன்பே முதலிடம் உறுதியாகிவிட்டது. 8.5 புள்ளி. இரண்டாம் இடத்தைவிட ஒரு முழுப் புள்ளி அதிகம்.

அதோடு கதை சுபமாக முடியவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2014 நவம்பரில் சோச்சியில் மறுபடி கார்ல்சன். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார். ஆனால் சென்னையைப் போல அடுத்ததிலும் சரியவில்லை, மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தார். ஆறாவதில் கார்ல்சன் ராஜாவை வைத்துப் பெரும் பிழை ஒன்றைச் செய்தார். ஆனந்த் அதைக் கவனிக்காமல் உடனே வேறு காயை நகர்த்தித் தோற்றார். பதினோராவதில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய் அவருக்கு. பொறுத்திருக்கலாம். கறுப்பில் ஆடியபடியே யானையைப் பலி கொடுத்துத் துணிந்து இறங்கினார், அது பலிக்கவில்லை. 6.5-4.5. சென்னையின் பழைய அவசரம் அன்று ஒரு மணி நேரம் திரும்பி வந்து போனது என்றே எனக்குப் படுகிறது. உலகப் பட்டம் அவரிடம் திரும்பவில்லை.

2017 டிசம்பரில் லண்டன் கிளாசிக் போட்டியில் ஆனந்த் பட்டியலின் அடியில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து ரியாத்தில் உலக ரேபிட் (வேகச் சதுரங்க) போட்டி. 15 சுற்று, அதிலும் ஒரு தோல்வி இல்லை. ஒன்பதாவது சுற்றில் கார்ல்சனை வீழ்த்தினார். 48 வயதில் உலக ரேபிட் சாம்பியன்.

(அடுத்த வாரம்: டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுவிட்டு ஆஸ்திரேலியாவை வென்ற இந்திய மகளிர் ஹாக்கி அணி)