மழைக்கு முன்னே சொல்லும் மூட்டு

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் கிராமத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "மழை வர்றதுக்கு முன்னாடியே என் முட்டி சொல்லிடும்" என்பது. விடியற்காலையில் பால் கறக்க உட்காரும் பெண்ணுக்கு விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். 'சேத்துல நின்னு நாத்து நட்ட ஈரம்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு தை வெயிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் மூட்டு கெடுகிறது.

மழை செய்வது என்ன?

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) மழையால் வருவதில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

ஆனால், மழைநாளில் வலி கூடுவது வெறும் பிரமையும் அல்ல. பிரிட்டனில் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால வலி உள்ள 2,658 பேர் தினசரி வலியைக் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, காற்று பலமாக வீசிய நாள்களில் வலி சற்றுக் கூடியிருந்தது. நம் ஊரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வரும் நாள்களும் அப்படிப்பட்டவைதான். எல்லோருக்கும் இது ஒரே அளவில் இருக்காது. வெயில் வந்ததும் வலி குறையலாம். ஆனால், நோய் சித்திரையிலும் உள்ளே மூட்டை அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

அடையாளம் காண்பது எப்படி?

வேலை செய்ததால் வந்த வலி, ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறு. தூங்கி எழும்போது இறுக்கம் அதிகம் இருக்கும், நடமாடத்தான் தளரும். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் முட்டி, மணிக்கட்டு வீங்கி, ஆறு வாரமாகியும் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். மழைக்காலத்தில் கொசுவால் பரவும் சிக்குன்குனியாவும் மூட்டைப் பிடிக்கும்; அது பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கும். ரத்தப் பரிசோதனை பிரித்துக்காட்ட உதவும். முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால், விரல் கோணாமல் காக்க முடியும்.

மருந்தில் கவனம்

இந்த நோய்க்கு அதிகம் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. மறதியில் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. வெயில் வந்து வலி குறைந்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது. முடக்கத்தான் தோசை சாப்பிடலாம். அது மாத்திரைக்கு மாற்று அல்ல. பெயர் இல்லாத பொடி, உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்; வாங்காதீர்கள்.

வேலையில் மாற்றம்

* காலையில் மாட்டுத் தொழுவத்துக்குப் போகும் முன் கைகளைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள்.
* அரிவாள், களைக்கொத்துப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் விரலுக்கு அழுத்தம் குறையும்.
* கைத்தெளிப்பானுக்குப் பதில் பேட்டரி தெளிப்பான் நல்லது.
* நனைந்த துணியோடு இருக்காதீர்கள்.
* வீங்கிய நாளில் நாற்று பறிப்பதை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நெல்லில் நோய் கண்டால் அன்றைக்கே மருந்துக்கு ஓடுகிறோம். நாற்று நடும் கைக்கும் அந்த அவசரம் வேண்டும்.